முதல் ஸ்கெட்ச்: ஒரு மொய் மேசையை வைத்து எழுதிப் பார்ப்போம்

கல்லூரி கல்ச்சுரல்ஸ், குடியிருப்பின் பொங்கல் விழா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த யூடியூப் சேனல் என்று ஏதோ ஒன்றுக்காக ஐந்து நிமிட காமெடி எழுதித் தரும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பின் எழுதிப் பழக்கமில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் தெரிந்த ஜோக்குகளை வரிசையாகக் கோத்து, நடுவில் இரண்டு சினிமா வசனம், ஒரு பாட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு குத்தாட்டம் என்று முடித்துவிடுவார்கள். அங்கங்கே சிரிப்பு வரும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பார்த்தவர்களுக்கு மறந்துவிடும், ஏனென்றால் நினைவில் வைத்துக்கொள்ள அதில் ஒரு விஷயம் என்று எதுவும் இல்லை.

ஸ்கெட்ச் என்கிற வடிவத்தின் பலமே அந்த ஒரு விஷயம்தான். ஒரு விசித்திரத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் போகாமல், படிப்படியாகப் பெரிதாக்கி, நல்ல இடம் பார்த்து நிறுத்துவது. 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழ காமெடி இன்றைக்கும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு பழம் வாங்கச் சொன்னார், ஒன்றுதான் கைக்கு வந்தது, இன்னொன்று எங்கே? அவ்வளவுதான் சரக்கு. செந்தில் தன் பதிலைவிட்டு நகரவே மாட்டார். கவுண்டமணியின் கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எழுதப் பழகுகிறவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எத்தனை புதுத் தகவல் வருகிறது என்று எண்ணுங்கள். இவ்வளவு குறைவா என்று ஆச்சரியமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஸ்கெட்சை எடுத்துக்கொண்டு, முதல் யோசனையிலிருந்து கடைசி வரி வரை எப்படிக் கட்டுவது என்று பார்க்கலாம். கூடவே நீங்களும் உங்களுடையதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

தலைப்பு வேறு, கான்செப்ட் வேறு

"டிராஃபிக் பற்றி ஒரு ஸ்கெட்ச்", "மாமியார் மருமகள் பற்றி ஒரு ஸ்கெட்ச்" என்று உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் முட்டி நின்றுவிடும். அவை வெறும் தலைப்புகள். யார், எங்கே, அவரிடம் என்ன விசித்திரம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால்தான் அது கான்செப்ட். உதாரணமாக: "ஹெல்மெட் போடாதவரை நிறுத்தும் போலீஸ்காரர் லைசென்ஸுக்குப் பதிலாக ஜாதகத்தைக் கேட்கிறார்." இதைக் கேட்டதுமே மனம் தானாக ஓட ஆரம்பிக்கிறது. சனி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அபராதம். எதிரே வரும் லாரிக்கும் உங்கள் வண்டிக்கும் பத்துப் பொருத்தம். அடுத்து என்ன என்று கேட்கத் தூண்டாத வாக்கியத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இந்த வாக்கியங்கள் எங்கிருந்து கிடைக்கும்? எரிச்சலில் தேடுங்கள் என்று சொல்வேன். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தது, வங்கியில் ஒரே படிவத்தை மூன்று கவுன்டருக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தது, சொந்தக்காரர் வீட்டில் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று செருப்பை ஒளித்துவைத்தது. உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தில் ஏதோ ஒரு விதி அளவுக்கு மீறிப் போயிருக்கும். அந்த விதியை இன்னும் கொஞ்சம் மீற விட்டால் ஸ்கெட்ச் கிடைக்கிறது. போனில் ஒரு குறிப்பு திறந்து வைத்துக்கொண்டு, இப்படிப் பத்து வாக்கியம் சேரும்வரை வசனம் எதுவும் எழுதாதீர்கள். பத்தில் ஏழு உதவாது. அது சகஜம்.

சேர்ந்தவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகையில் விழும். சாதாரண இடத்தில் ஒரு விசித்திரமான ஆள். விசித்திரமான இடத்தில் மாட்டிய சாதாரண ஆள். அப்புறம், ஓர் இடத்தின் விதிகளைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைப்பது. புதிதாக எழுதுகிறவர்களுக்கு மூன்றாவது வகைதான் கைகொடுக்கும். இரண்டு இடங்களும் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் எதையும் விளக்க வேண்டியதில்லை.

நையாண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-களில் விஜய் டிவியில் வந்த 'லொள்ளு சபா' படங்களைக் கிண்டலடித்தே ஒரு தலைமுறையைச் சிரிக்க வைத்தது. ஆரம்பத்தில் அது நல்ல பயிற்சிதான், ஏனென்றால் கதை ரெடியாகக் கையில் இருக்கிறது. ஆனால் மூலப்படத்தைப் பார்க்காதவருக்கு ஒன்றும் புரியாது. சொந்தக் கான்செப்டில் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நையாண்டிக்குப் போவது நல்லது.

மொய் மேசை

நாம் எடுத்துக்கொள்ளப்போகும் வாக்கியம் இது: "கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் வங்கி மேனேஜர் மாதிரி நடந்துகொள்கிறார்."

எழுதும் முன் நிஜம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில், கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். கறி விருந்து போட்டு, மொய் வாங்கி, வந்த பணத்தில் தொழிலையோ வீட்டையோ கவனித்துவிட்டு, பின்னால் ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பிச் செய்வது. அங்கே நோட்டு எண்ணும் இயந்திரமும், கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் ரசீதும் எப்போதோ வந்துவிட்டன. அதனால் நம் ஆள் ரசீது அடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரும் சிரிக்க மாட்டார். அவருக்கு அது சாதாரண விஷயம். நம் ஸ்கெட்ச் ரசீதைத் தாண்டிய இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

இந்தச் சோதனையை எந்தக் கான்செப்டுக்கும் செய்யுங்கள். அந்த வேலையை நிஜமாகச் செய்கிற ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிவதோடு, நீங்கள் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத விவரங்கள் கிடைக்கும். மொய் நோட்டில் ஊர்ப் பெயரை முதலில் எழுதித்தான் ஆளைத் தேடுவார்கள், ஒரே ஊரில் நாலு முருகேசன் இருந்தால் அப்பா பெயரைக் கேட்பார்கள் என்பது போன்றவை. காமெடிக்கு அடித்தளமே இந்த விவரங்கள். மொய் மேசை நிஜமாகத் தெரிந்தால்தான் அதில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் விசித்திரமாகத் தெரிவார்.

எதிரே இருப்பவருக்குப் பசிக்க வேண்டும்

விசித்திரமான ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். அவருக்கு எதிரே, நம் எல்லாருடைய சார்பிலும் உலகத்தைப் பார்க்கிற சாதாரண ஆள் ஒருவர் வேண்டும். இந்தப் பாத்திரத்தைத்தான் புதிதாக எழுதுகிறவர்கள் கோட்டைவிடுகிறார்கள். "என்னது!", "ஐயோ!", "விளையாடுறீங்களா?" என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்துவிட்டு, காமெடியெல்லாம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வேடத்தில் நடிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

அவருக்கு ஒரு தேவையைக் கொடுங்கள். அதுவும் உடனடித் தேவை. நம் ஸ்கெட்சில் சண்முகத்துக்குப் பசி. காலையில் ஆலங்குடியில் பஸ் ஏறியவர், கடைசிப் பந்தி போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து சேர்கிறார். ஐநூற்றியொன்று எழுதிவிட்டு ஓடிப்போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இப்போது மேனேஜர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஓர் இலையைத் தள்ளிப்போடுகிறது. பின்னாலிருந்து பந்தி விசாரிக்கிற குரல் நடுநடுவே வந்தால் போதும், நேரம் ஓடுவது தெரிந்துவிடும். அவர் ஏன் கிளம்பிப் போகவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: மொய் எழுதாமல் சாப்பிட உட்கார அவருக்கு மனம் வராது. பாத்திரம் காட்சியைவிட்டு வெளியேறாமல் இருக்கக் காரணம் இல்லையென்றால், பார்வையாளர் அதை யோசிக்க ஆரம்பித்துவிடுவார், சிரிப்பு நின்றுவிடும்.

மொய் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு கட்டளை. அவர் தான் செய்வதை முழுக்க நம்ப வேண்டும். தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கக் கூடாது, சண்முகத்தை வம்புக்கு இழுப்பதாகவும் இருக்கக் கூடாது. அவரைப் பொறுத்தவரை இது ஒழுங்கான நிர்வாகம், சண்முகம்தான் ஒழுங்கில்லாத வாடிக்கையாளர்.

படிகளை அடுக்குவது

நியூயார்க்கில் ஸ்கெட்ச் வகுப்புகள் நடத்திப் பெயர்பெற்ற 'அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட்' குழுவினர் தங்கள் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது ஒரு கேள்வியை: இந்த ஒரு விசித்திரம் உண்மை என்றால், வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்கும்? மொய் மேசை வங்கி என்றால் அங்கே என்னவெல்லாம் இருக்கும்? நிலுவை, வட்டி, பாஸ்புக், ஜாமீன், ஈடு, ஜப்தி, டோக்கன், மதிய இடைவேளை. வரிசை பார்க்காமல் இருபது வரை எழுதுங்கள். சுமாரானவற்றையும் எழுதுங்கள், அவைதான் நல்லவற்றைக் கூட்டிக்கொண்டு வரும்.

பிறகு சின்னதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்துங்கள். எனக்குப் பிடித்தவற்றை இப்படி அடுக்குவேன். முதலில் பழைய கணக்கு: சண்முகத்தின் மகள் காதுகுத்துக்கு இவர்கள் எழுதிய மொய் "லோன்" என்று நிலுவையில் இருக்கிறது. அடுத்து அதற்கு வட்டி. 2016 நவம்பர் 9-ஆம் தேதி, அதாவது ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுநாள், ஒரு கிரகப்பிரவேசத்தில் சண்முகம் எழுதிய ஆயிரம் ரூபாய் "வராக்கடன்" பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல், ஜாமீனுக்கு இரண்டு கையெழுத்து, ஒருவர் கட்டாயம் தாய்மாமனாக இருக்க வேண்டும். உச்சமாக, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு ஏற்கெனவே ஈடாக எடுத்து வைக்கப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு படியும் முந்தையதைவிட அபத்தமாக இருக்க வேண்டும், ஆனால் முந்தையதை ஏற்றுக்கொண்டவர் இதையும் ஏற்றுக்கொள்ள முடிய வேண்டும். காட்சி தொடங்கியதுமே செருப்பு ஜப்தி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வட்டியும் ஜாமீனும் வந்தபிறகு செருப்பு வரும்போது, அட, சரிதானே என்று தோன்றும்.

நாலு நிமிட ஸ்கெட்சுக்கு ஐந்து படி போதும். மீதி பதினைந்தை வெட்டிவிடுங்கள். அதில் ஒன்றிரண்டு உங்களுக்கு மிகவும் பிடித்ததாக இருக்கும். அது வங்கி என்ற ஒரே கோட்டில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மேனேஜருக்கு நடுவில் ஒரு காதல் போன் வருவது எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் அது வேறொரு ஸ்கெட்ச். அதற்கென்று தனிக் குறிப்பு எழுதி வையுங்கள்.

முதல் பக்கம்

முதல் வரைவில் எல்லாருக்கும் வருவது இப்படிப்பட்ட தொடக்கம்:

சண்முகம்: வணக்கம்ணே, நல்லா இருக்கீங்களா?
கணக்கர்: நல்லா இருக்கேன் தம்பி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?
சண்முகம்: எல்லாரும் சௌக்கியம்ணே. மண்டபம் ரொம்பப் பெருசா இருக்கே.
கணக்கர்: ஆமா, நாலு மாசத்துக்கு முன்னாடியே புக் பண்ணிட்டோம்.

நிஜ வாழ்க்கையில் இப்படித்தான் பேசுவோம். ஆனால் மேடையில் இந்த நாலு வரியும் ஒரு வேலையும் செய்யவில்லை. அரை நிமிடத்துக்குள் இடம், ஆட்கள், தேவை, விசித்திரம் நான்கும் வந்துவிட வேண்டும். திருப்பி எழுதினால்:

(மொய் மேசை. பின்னால் பந்திச் சத்தம்.)
குரல்: கடைசிப் பந்தி! சாப்பிடாதவங்க வந்து உட்காருங்க!
சண்முகம்: அண்ணே, ஆலங்குடி சண்முகம், ஐநூத்தி ஒண்ணு. சீக்கிரம் எழுதுங்கண்ணே, பந்தி முடிஞ்சிரும்.
கணக்கர்: (நோட்டைப் பார்த்தபடி) உட்காருங்க சார்.
சண்முகம்: சாரா? நான் உங்க சித்தி மகன்ணே.
கணக்கர்: சொந்தமெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் சார். பழைய லோன் ஒண்ணு நிலுவையில இருக்கே?

ஆறு வரியில் எல்லாம் வந்துவிட்டது. 'சார்' என்ற ஒரு சொல்லிலேயே விசித்திரம் தொடங்கிவிட்டதையும் கவனியுங்கள். சித்தி மகனை யாரும் சார் என்று கூப்பிட மாட்டார்கள். நம்மூரில் ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில் உறவு, மரியாதை, கோபம், காரியம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது மாறும்போது ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படாது. தமிழில் எழுதுகிறவருக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் வசதி இது. நிறையப் பயன்படுத்துங்கள்.

பக்கத்தை எப்படி அமைப்பது என்பதற்குப் பெரிய விதி ஒன்றுமில்லை. பேசுபவர் பெயர், பக்கத்தில் வசனம், செய்கைகள் அடைப்புக்குறிக்குள். வசனத்தைப் பேசுகிறபடியே எழுதுங்கள். 'முடிந்துவிடும்' என்று எழுதிக் கொடுத்தால் புதிய நடிகர் அப்படியே படித்துவிடுவார். வசனம் மட்டும் ஏறக்குறைய 400 சொல் வந்தால் நாலு நிமிடத்தை நெருங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிரிப்புக்கும் அசைவுக்கும் நேரம் போகும் என்பதால் அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

சிரிப்புச் சொல்லை எங்கே வைப்பது

ஒரு வரியில் சிரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வரியின் கடைசியில் வர வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு வரும் எதையும் சிரிப்புச் சத்தம் விழுங்கிவிடும். எழுத்துத் தமிழில் வாக்கியம் வினைச்சொல்லில் முடிவதால் சிரிப்புச் சொல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இந்த வரியைப் பாருங்கள்:

"நீங்க கட்டாத பாக்கிக்காக உங்க செருப்பை நாங்க ஈடா எடுத்து வெச்சிருக்கோம் சார்."

செருப்பு என்று கேட்டதும் சிரிக்க வேண்டியவர், வாக்கியம் முடியட்டும் என்று காத்திருக்கிறார். முடிவதற்குள் சூடு ஆறிவிடுகிறது. பேச்சுத் தமிழில் வினையை முன்னால் தள்ளிவிட்டுப் பெயரைக் கடைசியில் வைக்க முடியும். தினமும் பேசும்போது நாம் செய்வதுதான்:

"ஈடு இல்லாம நாங்க யாருக்கும் கணக்கு வெச்சுக்கிறதில்ல சார். வாசல்ல கழட்டி விட்டீங்களே, செருப்பு."

கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எழுதி முடித்த ஒவ்வொரு பஞ்ச் வரியையும் இப்படி ஒருமுறை புரட்டிப் போட்டுப் பாருங்கள். வரி நீளமாக இருந்தால் இரண்டாக உடையுங்கள். முதல் பாதி விஷயத்தைச் சொல்லட்டும், இரண்டாவது பாதி அடிக்கட்டும்.

வட்டார வழக்கில் உங்களுக்குக் காது பழகியதை மட்டும் எழுதுங்கள். கோவைப் பக்கத்து 'ஏனுங்க'வையும் நெல்லைப் பக்கத்து 'ஏலே'யையும் ஒரே ஆள் வாயில் போட்டால் அந்த ஊர்க்காரர் அந்த நொடியே வெளியே போய்விடுவார். ஒரு வட்டாரம் பேசும் விதத்தையே ஜோக்காக வைப்பதும் வேண்டாம்.

நிறம், உருவம், திக்குவாய், ஆண் பெண் வேடமிட்டாலே சிரிப்பு என்ற பழக்கங்களையும் தயவுசெய்து தொடாதீர்கள். நம் சினிமா காமெடியில் இவை மலிந்து கிடப்பதால் கைக்கு முதலில் வருவது இவைதான். கறுப்பாக இருப்பதையோ குண்டாக இருப்பதையோ அந்த மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை, அதில் அவருடைய நடத்தை எதுவும் இல்லை. நடத்தை இல்லாத இடத்தில் படி ஏற வழியில்லை. அதையே இன்னொருமுறை சொல்லலாம், அவ்வளவுதான். அரங்கில் அதே உடல்வாகோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அன்றிரவு அழுதுகொண்டே போகும் என்பது இன்னும் பெரிய காரணம். மொய் ஸ்கெட்சில் சாதிப் பெயரும் எளிதாக நுழைந்துவிடும், கவனமாக வெளியே வையுங்கள். நம் கிண்டல் அதிகாரம் பண்ணுகிற மேசையின் மீதுதான், எதிரே நிற்பவரின் மீது இல்லை.

எங்கே முடிப்பது

முடிவுதான் எல்லாருக்கும் தலைவலி. 1969-ல் பிபிசியில் தொடங்கிய மான்டி பைத்தான் குழுவினர், மற்றவர்களின் ஸ்கெட்சுகள் நன்றாகப் போய்க் கடைசி பஞ்ச் வரியில் சப்பென்று முடிவதைப் பார்த்து, பஞ்சே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு அனிமேஷனுக்குப் போவார்கள், அல்லது ராணுவ உடையில் ஒருவர் வந்து இது ரொம்ப அசட்டுத்தனமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்பார். அவர்களிடம் அடுத்த ஸ்கெட்ச் தயாராக இருந்தது, அதனால் முடிந்தது. ஒரே ஒரு ஸ்கெட்சோடு மேடை ஏறுகிறவருக்கு முடிவு வேண்டும்.

மொய் மேசைக்கு உடனே தோன்றும் முடிவு, சண்முகம் தப்பான மண்டபத்துக்கு வந்துவிட்டார் என்பது. இதை எடுக்காதீர்கள். முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட, மண்டபமே தப்பு என்றால் இதுவரை ஏறிய படிகள் எல்லாம் ரத்தாகிவிடுகின்றன. "எல்லாம் கனவு" என்பதும் இதே ரகம்.

நல்ல முடிவு ஸ்கெட்சுக்குள்ளேயே எங்காவது கிடக்கும். உங்கள் விதி எதிர்ப்பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் இருக்கும்தானே? இவர்களே சண்முகத்துக்குத் தர வேண்டியிருந்தால்?

(கணக்கர் பக்கத்தைப் புரட்டுகிறார். நிறுத்துகிறார். மெல்ல எழுந்திருக்கிறார்.)
கணக்கர்: தம்பி...
சண்முகம்: என்னண்ணே?
கணக்கர்: போன வருஷம் வளைகாப்புக்கு நீ அஞ்சாயிரம் எழுதியிருக்கேப்பா. நாங்கதான் உனக்குத் தரணும்.
குரல்: கடைசி இலை! ஒரே ஒரு இலைதான் இருக்கு!
(சண்முகம் பந்திப் பக்கம் பார்க்கிறார். பிறகு கணக்கரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.)
சண்முகம்: உட்காராதீங்க சார். ஜாமீன் யாரு?
(விளக்கு அணைகிறது.)

பசியோடு வந்தவர் கடைசி இலையை விட்டுவிட்டு மேனேஜர் ஆகிவிட்டார். தொடக்கத்தில் ஒருவரிடம் இருந்த 'சார்' இப்போது இன்னொருவர் வாயில். கணக்கரோ 'தம்பி'க்கு இறங்கிவிட்டார். இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். விளக்கை அணைக்கிறவரிடம் அந்தக் கடைசிச் சொல்லைத் தனியாகச் சொல்லி வையுங்கள். இரண்டு நொடி தாமதித்தால் நடிகர்கள் சும்மா நின்றுகொண்டிருப்பது தெரிந்து, வந்த சிரிப்பு போய்விடும்.

சத்தமாக வாசித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் ஒருநாள் ஆறப்போடுங்கள். அப்புறம் நாலைந்து பேரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கக் கூடாது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் பலவீனமான வரியையும் நீங்கள் காப்பாற்றிவிடுவீர்கள். கையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, சிரிப்பு வந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக், சின்னப் புன்னகைக்கு ஒரு புள்ளி, யாராவது போனை எடுத்தால் ஒரு கோடு. விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். "இங்க என்னன்னா..." என்று வாய் திறந்தால், அந்த விளக்கம் பக்கத்தில் இல்லை என்று பொருள்.

சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்தில் வரவில்லையென்றால் உடனே அந்த வரியை மாற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்னால் இருக்கும். தாய்மாமன் ஜாமீன் என்ற வரி விழவில்லையென்றால், வட்டிப் படியில் வங்கி என்பது சரியாகப் பதியவில்லையோ என்று பாருங்கள். தகவல் சரியாக இருந்தும் விழவில்லையென்றால் வரியின் நீளத்தைப் பாருங்கள், சிரிப்புச் சொல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அந்த ஜோக் வேலை செய்யவில்லை. எடுத்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு மனம் வராதவர்களுக்கு ஒரு செய்தி. 1975-லிருந்து நியூயார்க்கில் சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக வரும் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு எழுத்தாளர்கள் செவ்வாய் இரவு முழுக்க விழித்து எழுதுகிறார்கள். புதன்கிழமை எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாற்பது ஸ்கெட்ச் வரை வாசிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அன்றே போய்விடும். மிஞ்சியவற்றைச் சனிக்கிழமை மாலை பார்வையாளர்கள் முன் முழு ஒத்திகையாக நடத்தி, அதிலும் சிலவற்றை எடுத்துவிட்டுத்தான் இரவு 11.30-க்கு நேரலைக்குப் போகிறார்கள். தொழிலாகச் செய்கிறவர்களே அவ்வளவு கழிக்கிறார்கள்.

ஒத்திகையிலும் எழுத்து மாறலாம், மாறட்டும். சிகாகோவில் 1959-ல் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கில், நடிகர்கள் அந்த நேரத்தில் தோன்றியதை மேடையில் பேசிப் பார்த்து, அதில் தேறியதைச் செதுக்கித்தான் ஸ்கெட்ச் ஆக்குகிறார்கள். நீங்களும் இரண்டு நடிகர்களிடம் காகிதத்தை வாங்கி வைத்துவிட்டு, "மேனேஜர், பசிக்கிற ஆள், பேசுங்கள்" என்று ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வரியைவிட நல்ல வரி ஒன்றாவது வரும். அதை எழுத்தில் சேர்த்துக்கொண்டு, சொன்னவரிடம் நன்றி சொல்லுங்கள்.

மேடைக்கும் கேமராவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மேடையில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் அடுத்த வரியைச் சொல்லக் கூடாது, அதனால் பஞ்சுக்கு அடுத்த வரியில் முக்கியமான தகவலை வைக்காதீர்கள். வீடியோவில் அந்தக் காத்திருப்பு கிடையாது, வரிகளை நெருக்கிக் கட்டலாம். போனில் எடுக்கிறீர்கள் என்றால் படத்தைவிடக் குரல் தெளிவாக விழுவதில் அதிகக் கவனம் வையுங்கள். வசனம் கேட்காத காமெடியை யாரும் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மேடை நாளன்று போனில் ஒலிப்பதிவு போட்டு, அரங்கின் நடுவரிசையில் ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் வசனம்தான் பதிவாகும், சிரிப்பு பதிவாகாது. மறுநாள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு, வாசிப்பில் போட்ட டிக்குகளுக்குப் பக்கத்தில் வேறு நிறப் பேனாவில் புதிய டிக் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைத் தனியாக எழுதி எடுத்துக்கொண்டு, பத்து வாக்கியப் பட்டியலில் மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்து அடுத்ததை ஆரம்பியுங்கள்.